மனு எந்த மேசையில் நிற்கிறது? அரசு அலுவலகக் குறைகளைக் கணக்கெடுத்துக் கண்டுபிடிக்க ஒரு வழிகாட்டி

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு வேலூர் சத்துவாச்சாரி கலெக்டர் அலுவலகத்துக்குப் போய்ப் பாருங்கள். மக்கள் குறைதீர்வு நாள். குடியாத்தத்திலிருந்தும் பேரணாம்பட்டிலிருந்தும் காலைப் பஸ் பிடித்து வந்தவர்கள், மனுவை பிளாஸ்டிக் கவரில் போட்டு மார்போடு அணைத்தபடி வரிசையில் நிற்பார்கள். அதில் பல, முதல் மனு அல்ல. 'ஏற்கெனவே கொடுத்த மனுவின் மீது இதுவரை நடவடிக்கை இல்லை' என்று தொடங்கும் இரண்டாவது மனு, மூன்றாவது மனு.

ஒவ்வொரு மனுவும் ஒரு வீட்டின் கஷ்டத்தைச் சொல்கிறது. ஆனால் மனு எந்த மேசையில் நிற்கிறது, ஏன் நிற்கிறது என்பதை ஆயிரம் மனுக்களைப் படித்தாலும் முழுதாகத் தெரிந்துகொள்ள முடியாது. அலைந்து சலித்து விட்டுவிட்டவர்கள் திங்கட்கிழமை வரிசைக்கு வருவதே இல்லை. அவர்களைத் தேடிப் போய்க் கேட்கவும், மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவரையும் கேட்கவும் ஒரு வழி இருக்கிறது. குறை கண்டறியும் கணக்கெடுப்பு என்று அதைச் சொல்லலாம். ஊர் இளைஞர் குழு, கல்லூரி மாணவர்கள், வார்டு கவுன்சிலர், ஊராட்சித் தலைவர் என யார் வேண்டுமானாலும் தொடங்கலாம். புதிதாகத் தொடங்குபவர்களுக்காக, வேலூர்ப் பக்கத்து அனுபவத்தை வைத்து இதை எழுதுகிறேன்.

முதலில், இது எங்கிருந்து வந்தது

பெங்களூரில் சாமுவேல் பால் தொடங்கிய பொது விவகார மையம், 1994-இல் நகரத்தின் குடிநீர், மின்சாரம், மாநகராட்சி போன்ற சேவைகளுக்கு மக்களிடம் மதிப்பெண் வாங்கி வெளியிட்டது. பள்ளிக்கூட ரேங்க் கார்டு மாதிரி. அதையே 1999-இலும் 2003-இலும் திரும்பச் செய்தார்கள். முதல் முறை சேவைகள் வாங்கிய மதிப்பெண் மிக மோசம். மூன்றாவது முறை தெளிவான முன்னேற்றம் தெரிந்தது. 1998-இல் உலக வங்கி அல்பேனியா, ஜார்ஜியா, லாட்வியா ஆகிய நாடுகளில் குடும்பங்கள், தொழில் நடத்துபவர்கள், அரசு ஊழியர்கள் என மூன்று தரப்பிடமும் தனித்தனியாகக் கேள்வி கேட்டது. உகாண்டாவில் 1991 முதல் 1995 வரை அரசு ஒதுக்கிய பள்ளி மானியம் பள்ளிகளுக்குப் போய்ச் சேர்கிறதா என்று தடம் பிடித்தபோது, சராசரியாக 13 சதவீதம்தான் சேர்ந்திருந்தது. அரசுக் கணக்கு ஏடுகளை மட்டும் பார்த்திருந்தால் இது தெரிந்திருக்காது. பள்ளிக்கூட வாசலில் போய்க் கேட்டதால்தான் தெரிந்தது.

நம் ஊருக்கும் கணக்கெடுப்பு புதிதல்ல. சி.எம்.சி. மருத்துவமனை, கணியம்பாடி ஒன்றியத்திலும் கே.வி.குப்பத்திலும் பல பத்தாண்டுகளாக வீடு வீடாகப் போய்க் குறிப்பெடுத்து வருகிறது. கே.வி.குப்பத்தில் அவர்களுடைய கிராம சுகாதார, சமூகப் பணி மையமான ருஹ்சா 1977-இல் தொடங்கியது. அதனால் அந்தப் பக்கம் நீங்கள் நோட்டுடன் போய் நின்றால், "சி.எம்.சி.லருந்து வரீங்களா?" என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும்.

இன்னொன்று. கிராமத்தில் 'சர்வே எடுக்க வந்திருக்கோம்' என்று சொல்லிவிடாதீர்கள். நிலம் அளக்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்து உள்ளே போய்ப் பட்டாவை எடுத்து வருவார்கள், இல்லாவிட்டால் கதவைச் சாத்துவார்கள். 'ஆபீசுக்கு நீங்க அலைஞ்ச அனுபவத்தைக் கேக்க வந்திருக்கோம்' என்று சொல்லுங்கள். உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுப்பார்கள்.

படி 1: ஒரே ஒரு சேவையைப் பிடியுங்கள்

'தாலுகா அலுவலகம் எப்படி இருக்கிறது' என்பது கணக்கெடுப்புக்கு ஆகாத கேள்வி. பட்டா மாறுதல், வருமானச் சான்றிதழ், விதவை உதவித்தொகை, வீட்டு வரிப் பெயர் மாற்றம் என ஏதாவது ஒன்றை எடுங்கள். அணைக்கட்டு தாலுகாவின் ஜவ்வாது மலைக் கிராமங்களான பீஞ்சமந்தை, பாலாம்பட்டு, ஜார்தான்கொல்லை பக்கம் போனால் பழங்குடியினர் சாதிச் சான்றிதழை எடுப்பது பொருத்தம். அதைக் கொடுப்பவர் தாசில்தார் அல்ல, கோட்டாட்சியர். ஆக மனு போகும் பாதையே வேறு.

எடுத்தபின் ஒரு பெரிய தாளில் அந்தப் பாதையை வரையுங்கள். வருமானச் சான்றிதழ் என்றால் இ-சேவை மையம், பிறகு வி.ஏ.ஓ. (கிராம நிர்வாக அலுவலர்), ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்), கடைசியில் தாலுகா அலுவலகம். உட்பிரிவு உள்ள பட்டா மாறுதல் என்றால் இடையில் சர்வேயர் வந்து அளக்க வேண்டும். உதவித்தொகை என்றால் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி தாசில்தார். ஒவ்வொரு கட்டத்தின் பக்கத்திலும் 'இங்கே நின்றால் யாரால் சரி செய்ய முடியும்?' என்று எழுதுங்கள். பதில் தெரியாத கட்டம் இருந்தால் அதைப் பற்றி ஓய்வு பெற்ற ஒரு வி.ஏ.ஓ.விடம் போய்க் கேளுங்கள். ஒரு மணி நேரத்தில் பாதிச் சந்தேகம் தீரும்.

படி 2: அலுவலகத்தின் கணக்கை முதலில் வாங்குங்கள்

தகவல் பெறும் உரிமைச் சட்டத்தில் (2005) பத்து ரூபாய்க் கட்டணத்தோடு மனு போட்டால் முப்பது நாளில் பதில் தர வேண்டும். மாதவாரியாக எத்தனை விண்ணப்பம் வந்தது, எத்தனை ஏற்கப்பட்டது, எத்தனை தள்ளுபடி, தள்ளுபடிக்கான காரணம் என்ன, அனுமதிக்கப்பட்ட பணியிடம் எத்தனை, காலியிடம் எத்தனை. இதற்கு மேல் கேட்காதீர்கள். கேள்வி நீண்டால் பதிலும் நீண்டு குழம்பும்.

பழைய புள்ளிவிவரத்தோடு ஒப்பிடும்போது ஒரு எச்சரிக்கை. 28.11.2019-க்கு முந்தைய 'வேலூர் மாவட்டம்' என்பதற்குள் இன்றைய ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் அடக்கம். அந்த எண்ணையும் இன்றைய எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து 'மனு குறைந்துவிட்டது' என்று சொன்னால் அது பிழை. தாலுகா அளவில் ஒப்பிடுங்கள், அதுவும் தாலுகா பிரிக்கப்படவில்லை என்று உறுதி செய்துகொண்டு. மாவட்டம் பிரிந்ததில் அரக்கோணத்துக்காரருக்குக் கலெக்டர் அலுவலகம் பக்கமாகிவிட்டது, உண்மை. ஆனால் தூரம் குறைவதும் மனு வேகமாக நகர்வதும் ஒன்றல்ல. இரண்டாவதைத் தெரிந்துகொள்ளத்தான் நாம் இவ்வளவு பாடுபடுகிறோம்.

படி 3: கருத்தைக் கேட்காதீர்கள், நடந்ததைக் கேளுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரு படியை மட்டும்தான் படிக்க முடியும் என்றால் இதைப் படியுங்கள்.

குடியாத்தம் பக்கத்தில் ஒரு கிராமம். திண்ணையில் முறத்தை மடியில் வைத்து ஓர் ஆயா பீடி சுற்றிக்கொண்டிருந்தார். விதவை உதவித்தொகை வாங்குபவர். எங்கள் கேள்வித்தாளின் முதல் கேள்வி: 'அலுவலகத்தின் சேவை உங்களுக்குத் திருப்தியா?'

"பரவால்ல கண்ணு, நல்லாத்தான் செய்றாங்க."

'திருப்தி' என்ற கட்டத்தில் டிக் விழுந்தது. கூட வந்த பெண் அடுத்த வீட்டுக்கு எழுந்துவிட்டாள். எனக்கு மனசு கேட்கவில்லை. "ஆயா, இந்தப் பணம் வர்றதுக்குள்ள எத்தினி தபா போய் வந்தீங்க?" என்றேன். பீடி இலையைக் கீழே வைத்துவிட்டு விரலை மடக்கத் தொடங்கினார். இரண்டு தடவை வி.ஏ.ஓ. இல்லை; அவருக்குப் பக்கத்து ஊரும் கூடுதல் பொறுப்பு. ஒரு தடவை கணவரின் இறப்புச் சான்றிதழ் நகல் கேட்டார்கள். மூன்று தடவை, ஆதாரில் ஒரு பெயர், ரேஷன் கார்டில் ஒரு பெயர் என்பதற்காக. ஏழாவது தடவைதான் மனுவை வாங்கினார்கள். "போற அன்னிக்கெல்லாம் முந்நூறு பீடி போச்சு," என்றார்.

அதே ஆயா, அதே அலுவலகம். முதல் கேள்விக்கு வந்த பதிலை வைத்து எதையும் திருத்த முடியாது. இரண்டாவது கேள்விக்கு வந்த பதிலில் திருத்தமே இருக்கிறது. ஏழில் நான்கு நடை, என்ன காகிதம் வேண்டும், பெயர் எப்படி இருக்க வேண்டும் என்று முதல் நாளே ஒரு தாளில் அச்சிட்டுக் கொடுத்திருந்தால் பெரும்பாலும் மிச்சமாகியிருக்கும். இரண்டு நடை, வி.ஏ.ஓ. எந்தக் கிழமை எந்த ஊரில் இருப்பார் என்று கதவில் எழுதியிருந்தால். அன்று இரவே அந்த முதல் கேள்வியை அடித்துவிட்டோம்.

அதனால் இப்படிக் கேளுங்கள்: கடந்த பன்னிரண்டு மாதத்தில் இந்த வேலைக்காக மனு கொடுத்தீர்களா? எந்த மாதம்? ரசீது இருக்கிறதா, பார்க்கலாமா? எத்தனை தடவை போனீர்கள்? ஒவ்வொரு தடவையும் என்ன சொல்லி அனுப்பினார்கள்? அன்றைய கூலி போனதா? பஸ் செலவு எவ்வளவு? இடையில் வேறு யாராவது பேசிக் கொடுத்தார்களா? கடைசியில் கிடைத்ததா, விட்டுவிட்டீர்களா? பன்னிரண்டு மாதத்துக்கு மேல் பின்னால் போனால் நினைவு குழம்பும். ரசீதில் விண்ணப்ப எண்ணும் தேதியும் இருப்பதால், அதைப் பார்த்து எழுதுவதே நல்லது.

பணம் பற்றிக் கேட்கும்போது 'லஞ்சம்' என்ற சொல்லை எடுத்தால் முகம் மாறிவிடும். "ரசீது இல்லாத செலவு ஏதாவது ஆச்சா?" என்று கேட்டால் சொல்வார்கள். இடைத்தரகருக்குக் கொடுத்ததையும் அலுவலகத்தில் கொடுத்ததையும் தனித்தனியே எழுதுங்கள். இரண்டையும் ஒன்றாகப் போட்டால், செய்யாத தவறுக்கு ஊழியர் மேல் பழி விழும்.

படி 4: யாரை, எத்தனை பேரை

சீட்டுக் குலுக்குவதைப் போல எல்லாருக்கும் சம வாய்ப்பு இருக்க வேண்டும். தெரிந்தவர் வீடு, மெயின் ரோட்டு வீடு என்று போனால் அது கணக்கெடுப்பு ஆகாது.

எண்ணிக்கைக்கு ஒரு எளிய கணக்கு: ஒன்றை, எடுத்த எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுங்கள். 400 பேர் என்றால் வர்க்கமூலம் 20. ஒன்றை இருபதால் வகுத்தால் 5 சதவீதம். முடிவில் வரக்கூடிய தவறு ஏறக்குறைய இவ்வளவு. அதாவது '60 சதவீதம் பேர் மூன்று தடவைக்கு மேல் போனார்கள்' என்று வந்தால், உண்மை ஏறக்குறைய 55-க்கும் 65-க்கும் நடுவில். அந்தத் தவறைப் பாதியாக்கி 2.5-க்குக் கொண்டுவர 1,600 பேர் வேண்டும். நான்கு மடங்கு உழைப்பு. புதியவர்களுக்கு 400 போதும். ஒரே ஊரில் பலரைக் கேட்பதால் தவறு இன்னும் கொஞ்சம் கூடும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். அதனால் பத்து ஊரில் தலா நாற்பது பேரை விட இருபது ஊரில் தலா இருபது பேர் மேல்.

ஊர்களைக் குலுக்கல் முறையில் எடுத்தபின், அந்த ஊரின் வாக்காளர் பட்டியலை எடுங்கள். 900 பெயர் இருந்தால், 20 பேர் வேண்டுமென்றால், ஒவ்வொரு 45-வது பெயர். தொடங்கும் எண்ணை 1 முதல் 45-க்குள் சீட்டுப் போட்டு எடுங்கள். அந்த ஆள் வீட்டில் இல்லையென்றால் பக்கத்து வீட்டுக்குப் போகாதீர்கள். திரும்ப வாருங்கள், மூன்று தடவை வரைக்கும்.

இந்த 'திரும்ப வருவது' எவ்வளவு முக்கியம் என்பதை நாங்கள் பட்டுத்தான் கற்றோம். முதல் முறை காலை பதினொன்று முதல் மூன்று வரை சுற்றினோம். கத்திரி வெயில் வேறு. பதில் சொன்னவர்களில் பெரும்பாலோர் வயதானவர்கள். ஷூ கம்பெனிக்குப் போகும் பெண்கள் காலையில் வேன் ஏறினால் பொழுது சாயத்தான் வீடு திரும்புவார்கள். ஒரு நாள் லீவு போட்டால் கூலி போகும் என்பதால் தாலுகா அலுவலகத்துக்குப் போவது மிகக் கடினமாக இருப்பவர்களும் அவர்கள்தான். அவர்களை மொத்தமாகத் தவறவிட்டிருந்தோம். ஒரு வார உழைப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு, மாலை ஆறரை முதல் எட்டரை வரையும் ஞாயிறு முழுவதும் என்று திரும்பச் செய்தோம்.

வீட்டுக் கணக்கெடுப்பில் ஒரு சிக்கல் வரும். 400 பேரில் அந்தக் குறிப்பிட்ட சேவைக்கு மனு கொடுத்தவர்கள் கொஞ்சப் பேராகத்தான் இருப்பார்கள். அதற்காக அலுவலக வாசலில், வெளியே வருபவர்களில் ஐந்தில் ஒருவர் என்று தனியாகக் கேளுங்கள். வாசலில் கேட்டால் விவரம் நிறையக் கிடைக்கும், ஆனால் விட்டுவிட்டவர்கள் கிடைக்க மாட்டார்கள். வீட்டில் கேட்டால்தான் அவர்கள் கிடைப்பார்கள். இரண்டும் வேண்டும், இரண்டையும் ஒரே கணக்கில் கூட்டக் கூடாது.

மொழி பற்றி ஒரு வார்த்தை. காட்பாடி, குடியாத்தம் எல்லைக் கிராமங்களில் வீட்டுக்குள் தெலுங்கு. பேரணாம்பட்டிலும் வேலூர் நகரின் சில தெருக்களிலும் உருது. கேள்வித்தாளை மொழிபெயர்த்து, அதை வேறொருவரிடம் கொடுத்துத் திரும்பத் தமிழில் எழுதச் சொல்லிப் பாருங்கள். பெண்களிடம் பேசப் பெண்களே போகட்டும்.

படி 5: மேசைக்கு அந்தப் பக்கம்

பலர் இந்தப் படியை விட்டுவிடுகிறார்கள். விட்டால் உங்கள் அறிக்கை வெறும் புகார்ப் பட்டியல்தான்.

அரசு ஊழியர்களுக்கு 1973-ஆம் ஆண்டு நடத்தை விதிகள் உண்டு. ஆகவே கலெக்டரிடமோ கோட்டாட்சியரிடமோ எழுத்தில் அனுமதி வாங்கிய பிறகே கேளுங்கள். தாளில் பெயரும் வேண்டாம், ஊரும் வேண்டாம். அவர்களே நிரப்பி, பூட்டிய பெட்டியில் போடட்டும். கேட்க வேண்டியவை: எத்தனை கிராமம் பொறுப்பு? போன வாரம் மனு பார்க்கும் வேலைக்கு எத்தனை மணி நேரம் கிடைத்தது, மற்றது எதற்குப் போனது? கம்ப்யூட்டர், பிரிண்டர், இணையம் யார் செலவு? போன வாரம் சர்வர் எத்தனை நாள் நின்றது? மனுவைத் திருப்பி அனுப்ப அதிகம் நேர்ந்த மூன்று காரணம் எவை? புது உத்தரவு வந்தால் உங்களுக்கு எப்படித் தெரிகிறது?

தவறுகளைப் பற்றி நேராகக் கேட்டால் யாரும் சொல்ல மாட்டார்கள். 'உங்கள் அலுவலகம் போன்ற இடங்களில் பத்தில் எத்தனை மனுவுக்கு வெளியிலிருந்து அழுத்தம் வருகிறது?' என்று பொதுவாகக் கேட்பது ஒரு வழி. இன்னொரு வழி பூவா தலையா. 1965-இல் ஆய்வாளர் ஸ்டான்லி வார்னர் முன்வைத்த யோசனையின் எளிய வடிவம் இது. 'ஆமாம்' அல்லது 'இல்லை' என்று பதில் வரும் ஒரு கேள்வியைக் கொடுங்கள். பதில் சொல்பவர் யாரும் பார்க்காமல் ஒரு ரூபாயைச் சுண்டுகிறார். தலை விழுந்தால், உண்மை எதுவானாலும் 'ஆமாம்' என்று எழுத வேண்டும். பூ விழுந்தால் உண்மையை எழுத வேண்டும். 200 பேர் செய்தால் ஏறக்குறைய 100 பேருக்குத் தலை. அவர்கள் எல்லாரும் 'ஆமாம்'. மொத்தம் 130 'ஆமாம்' வந்தால், மீதி 30 பேர் பூ விழுந்த 100 பேரிலிருந்து வந்தவர்கள். அப்படியென்றால் உண்மையிலேயே 'ஆமாம்' என்பவர்கள் ஏறக்குறைய 30 சதவீதம். எந்தத் தனி ஆளுடைய பதில் எது என்று உங்களுக்கே தெரியாது, அதுதான் இதன் பலம். ஐம்பது பேருக்குக் குறைவாக இருந்தால் இதைச் செய்யாதீர்கள். சுண்டிய நாணயமே கணக்கைக் கெடுத்துவிடும்.

சிறு தொழில் நடத்துபவர்கள் மூன்றாவது தரப்பு. உரிமம், மின் இணைப்பு போன்றவற்றை ஆராய்ந்தால் மட்டும் அவர்களைச் சேருங்கள்.

படி 6: களத்தில்

முப்பது பேரிடம் ஒத்திகை பாருங்கள், பட்டியலில் இல்லாத ஊரில். இருபது நிமிடத்துக்கு மேல் போனால் கேள்வியைக் குறையுங்கள். ஒத்துக்கொண்டால் மட்டும் பேசுங்கள். 'இதனால் உங்களுக்குப் பட்டாவோ பணமோ கிடைக்காது' என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், நம்ப வைத்து ஏமாற்றக் கூடாது. தாளில் எண் மட்டும். பெயரும் போன் நம்பரும் வேறு நோட்டில், பூட்டி. முடிந்தபின் பத்தில் ஒரு வீட்டுக்கு வேறொருவர் போய் மூன்று கேள்வியைத் திரும்பக் கேட்கட்டும். மே, ஜூனில் கல்லூரிச் சேர்க்கைக்காகச் சான்றிதழ் கூட்டம் அலைமோதும் என்பதால், எந்த மாதத்தில் எடுத்தீர்கள் என்பதை அறிக்கையின் முதல் பக்கத்திலேயே எழுதுங்கள்.

படி 7: எண்ணைப் படிப்பது

ஒன்பது பேருக்குச் சான்றிதழ் கிடைக்க ஆன நாட்கள்: 8, 10, 11, 12, 14, 15, 18, 21, 260. சராசரி போட்டால் 41 நாள். ஆனால் எட்டு பேருக்கு மூன்று வாரத்துக்குள் கிடைத்துவிட்டது! வரிசையில் நடுவில் இருப்பது 14. அறிக்கையில் நடு எண்ணை எழுதுங்கள். அந்த 260 நாள் மனுவை மட்டும் தனியே எடுத்துப் படியுங்கள். ஏதோ ஒரு மேசையில் என்ன ஆகிறது என்பதை அந்த ஒரு மனு காட்டக்கூடும்.

அப்புறம், முதல் நாள் வரைந்த பாதைத் தாளை எடுத்து, 'எத்தனை நாள், எத்தனை நடை' என்பதை ஒவ்வொரு கட்டத்திலும் எழுதுங்கள். மக்கள் சொன்ன காரணம் சிவப்பு மையில், ஊழியர் சொன்ன காரணம் நீல மையில். இரண்டும் ஒரே கட்டத்தில் விழும் இடம் கண்ணில் படும். 'வி.ஏ.ஓ. இருப்பதில்லை' என்று மக்களும், 'மூன்று ஊர் பொறுப்பு' என்று வி.ஏ.ஓ.வும் எழுதியிருந்தால், அங்கே குற்றவாளி இல்லை, காலியிடம்தான் இருக்கிறது.

படி 8: கையில் கொடுப்பது

கண்டதை மூன்றாகப் பிரியுங்கள். தாசில்தாரே நாளைக்குச் செய்யக்கூடியது: தேவையான ஆவணப் பட்டியல், கதவில் வருகைக் கிழமை, தள்ளுபடிக் காரணத்தைப் புரியும் தமிழில் எழுதுவது. கலெக்டர் செய்யக்கூடியது: கூடுதல் பொறுப்பைப் பங்கிடுவது, மலைக் கிராமத்துக்கு மாதம் ஒரு முகாம். சென்னையில்தான் முடிவாக வேண்டியது: பணியிடம், விதி, மென்பொருள். மூன்றையும் கலந்து ஒரே கோரிக்கையாகக் கொடுத்தால், 'அரசுக்கு எழுதியிருக்கிறோம்' என்று ஒரே பதில் வரும். நாளைக்கே ஆகக்கூடியதும் அதோடு சேர்ந்து நின்றுவிடும்.

வெளியிடுவதற்கு இரண்டு வாரம் முன்பே அந்த அலுவலகத்துக்குப் பிரதியைக் கொடுங்கள். தவறு இருந்தால் திருத்துங்கள். எந்த ஊழியர் பெயரும் அதில் இருக்கக் கூடாது. பிறகு பதில் சொன்ன ஊர்களுக்கே திரும்பிப் போங்கள். கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடும். ஒரு பக்கத்தில் எழுதி, சத்தமாகப் படித்துக் காட்டுங்கள்.

இது ஒரு முறை செய்து முடிக்கும் வேலை அல்ல. பெங்களூரில் மாற்றம் தெளிவாகத் தெரிய ஒன்பது ஆண்டுகள் ஆயின. கேள்வித்தாள், ஊர்ப் பட்டியல், தொடங்கிய எண், எடுத்த மாதம் எல்லாவற்றையும் ஒரு உறையில் போட்டு, தேதி எழுதி, ஊராட்சி அலுவலகத்திலோ கல்லூரி நூலகத்திலோ ஒப்படையுங்கள். உங்கள் குழு கலைந்துவிட்டாலும், அடுத்த ஆண்டு அதே மாதம் வேறு யாராவது அதே ஊருக்குப் போய், "எத்தினி தபா போய் வந்தீங்க?" என்ற அதே கேள்வியை ஒரு சொல் மாறாமல் கேட்க முடிய வேண்டும்.